கை கழுவப் போனவரைப் பொருளாளர் ஆக்கிய கதை

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஆறு வருடமாக நான் செயலாளர். பிழைப்புக்கு அச்சகம். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகை என் கடை வழியாகத்தான் போகும். அதனால் எனக்கு எல்லாரையும் தெரியும் என்று நினைத்து இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். தெரிந்தவர்களிடம் வேலை வாங்குவது தெரியாதவர்களிடம் வாங்குவதைவிடக் கஷ்டம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் பொதுக்குழு வருடா வருடம் காணும் பொங்கல் அன்று. சென்னை, திருப்பூர், பெங்களூர் என்று போனவர்கள் ஊரில் இருக்கும் நாள் அது ஒன்றுதான். நான் செயலாளரான அன்று நடந்ததைச் சொல்கிறேன். மதியம் புளியோதரையும் தயிர்சாதமும் முடிந்து, பாதிப் பேர் எழுந்துவிட்ட நேரம். தலைவர் மைக்கில், "அடுத்து பொருளாளர்... யாராவது பேர் சொல்லுங்கப்பா" என்றார். இரண்டு நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், நல்ல கணக்குப் புலி என்று பெயர் வாங்கிய ஒருவரைச் சொன்னது. அவர் கை கழுவப் போயிருந்தார். "ஒருமனதாக" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. ஈரக் கையோடு திரும்பி வந்தவரைப் பார்த்து எல்லாரும் கைதட்டினோம். ஏன் தட்டுகிறார்கள் என்று தெரியாமலே அவரும் சிரித்தார். நானும்தான் தட்டினேன்.

எட்டு மாதத்தில் அவருக்கு ஓசூருக்கு மாற்றல். தனியார் கம்பெனி, ஒரு வார அவகாசம். எங்கள் காசோலைகளில் பொருளாளர் கையெழுத்து கட்டாயம். கூடவே தலைவரோ செயலாளரோ போட வேண்டும். சரி, வேறு பொருளாளரைப் போட்டால் போயிற்று என்று வங்கிக்குப் போனோம். தீர்மான நகல் மட்டும் போதாது, பதிவாளர் அலுவலகத்தில் நிர்வாகிகள் மாற்றம் பதிவானதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கோப்பை எடுத்துப் பார்த்தால், அவர்கள் கணக்குப்படி எங்கள் பொருளாளர் இரண்டு குழுவுக்கு முந்தியவர். அவர் காலமாகியே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அதாவது, இரண்டு தடவை குழு மாறியும், நிர்வாகிகள் மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7 கொடுக்கப்படவே இல்லை. மூன்று வருட வரவு செலவுக் கணக்கும் தாக்கலாகவில்லை. தாமதக் கட்டணம், ஆடிட்டர், பழைய தீர்மானங்களின் நகல், ஒவ்வொருவரின் கையெழுத்து என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சரிசெய்ய நாலரை மாதம். அந்த இடைவெளியில்தான் கல்லூரி சேரும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. பதினொரு பேர், ஆளுக்கு 5,000. வங்கியில் பணம் இருக்கிறது, எடுக்க முடியாது. தலைவர் 30,000 போட்டார், நான் 25,000 போட்டேன். என் வீட்டில் அன்றைக்கு நடந்ததை இங்கே எழுதவில்லை.

ஓசூர் போனவர் மேல் அப்போது எங்களுக்கு எரிச்சல். ஆறிய பிறகு யோசித்தால், அவர் எந்த இடத்திலும் "சரி" என்று சொன்னதே இல்லை. நாங்கள் கேட்டால்தானே சொல்லியிருப்பார்!

அதற்குப் பிறகு ஒரு பழக்கத்தை ஒழித்தோம். மேடையிலிருந்து "யார் வர்றீங்க?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் மூன்று வகைதான் கிடைக்கும்: மறுக்கத் தெரியாதவர், பதவிக்கு ஆசைப்படுகிறவர், அங்கே இல்லாதவர். பொங்கலுக்கு மூன்று மாதம் முன்பே, ஐப்பசி மழை நேரத்திலேயே ஆள் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். பொதுக்குழுவில் தேர்தல் முறைப்படி நடக்கும். யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் குறைந்தது ஒருவராவது, வேலை என்னவென்று தெரிந்து சம்மதித்தவராக இருப்பார்.

யாரைக் கேட்பது என்பதில்தான் நாங்கள் நிறையத் தப்பு செய்தோம். முதலில் பெரிய ஆட்களைத் தேடினோம். மருத்துவர், ஒப்பந்ததாரர், வெளியூரில் பெரிய பதவியில் இருப்பவர். அழைப்பிதழில் பெயர் அழகாக வரும் (அச்சடிக்கிறவன் சொல்கிறேன்). கூட்டத்துக்கு ஆள் வராது. இப்போது அவர்களைக் காப்பாளர், ஆலோசகர் என்று கௌரவமாக வைத்துக்கொள்கிறோம். வருடத்தில் இரண்டு முறை யோசனை கேட்கிறோம், ஒரு முறை நன்கொடை கேட்கிறோம். இருதரப்புக்கும் நிம்மதி.

இப்போதைய பொருளாளர் கிடைத்த விதம் வேறு. ஒரு ஆண்டு விழாவுக்கு மாலை, பூ வாங்கி வரச் சொல்லி ஒரு பெண்ணிடம் 1,000 ரூபாய் கொடுத்தேன். 2006இல் பிளஸ் டூ முடித்தவர், பக்கத்து ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை. விழா முடிந்து நான் பந்தல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது வந்து ஒரு கவரை நீட்டினார். உள்ளே பூக்கடைச் சீட்டு 640, மீதி 360. கவர் மேல் தேதியும் போட்டிருந்தது. பூக்கடையில் சீட்டு கேட்டு வாங்கி வந்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்குக் கேட்கவில்லை; அதற்குள் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

கேட்கப் போகும்போது ஒரு தாள் கொண்டுபோகிறோம். ஒரே பக்கம். பொறுப்பின் பெயர், என்னென்ன வேலை, மாதத்தில் எத்தனை மணி நேரம், எந்தெந்த மாதத்தில் நெருக்கடி, எப்போது முடியும். பொருளாளர் தாளில் இப்படி இருக்கும்: மாதம் ஆறேழு மணி நேரம், ஏப்ரல், மே மாதங்களில் கணக்கு முடிக்க அதைப்போல இரண்டு மடங்கு, ரசீது போடுவது, வவுச்சர் கோப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுவின் முன் கணக்கு வைப்பது, நன்கொடை திரட்டுவது உங்கள் வேலை இல்லை. அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். பொருளாளர் என்றாலே வசூலுக்குப் போகிறவர் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். காலக்கெடு சட்டத்திலேயே இருக்கிறது. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். "மூன்று வருஷம், அப்புறம் தாராளமா விலகிக்கலாம்" என்று சொல்ல முடிவது கேட்கிறவருக்குப் பெரிய ஆறுதல்.

வீட்டுக்கே போவோம். போனில் கேட்பதில்லை. நான் மட்டும் போகாமல், அவருடைய செட்டில் படித்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவேன். அன்றைக்கு அந்தப் பெண்ணின் கணவர்தான் கேள்வி கேட்டார்: "கையிலேருந்து எவ்வளவு போகும்ண்ணே?" நியாயமான கேள்வி. முன்பாக இருந்தால் "அதெல்லாம் ஒன்னும் போகாது தம்பி" என்று மழுப்பியிருப்பேன். உண்மையில் ஆட்டோ, ஜெராக்ஸ், டீ என்று மாதம் முந்நூறு நானூறு போகும். கேட்கக் கூச்சப்பட்டு யாரும் கேட்பதில்லை. அதனால் கையிலிருந்து போட்ட செலவுக்கு வவுச்சர் எழுதி அந்த மாதமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானமே போட்டிருந்தோம். அதைக் காட்டினேன். அடுத்த கேள்வி அந்தப் பெண்ணுடையது: "கூட்டம் எத்தனை மணிக்கு?"

எங்கள் கூட்டங்கள் அதுவரை இரவு எட்டரைக்கு, கடைவீதியில் ஒரு லாட்ஜின் மாடியில். கடை மூடிவிட்டு வர எங்களுக்கு வசதி. பெண்கள் ஏன் செயற்குழுவுக்கு வருவதில்லை என்று பத்து வருடமாக மேடையில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம். எட்டரை மணியும் லாட்ஜ் மாடியும்தான் பதில் என்பது ஒரு தலைக்கும் எட்டவில்லை. இப்போது மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பதினொரு மணி, பள்ளியிலேயே. ஒன்பது பேர் குழுவில் நான்கு பேர் பெண்கள். ஒன்றரை மணிக்கு மேல் கூட்டம் நீளாது, எல்லாருக்கும் சமையலோ கறிக்கடையோ காத்திருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சின்ன ஊரில் ஒரு குழுவின் பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் முதலில் படிப்பது எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்தக் கட்சி என்பதைத்தான். அரசுப் பள்ளியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் படித்தோம். குழு மட்டும் இரண்டு தெருவுக்குள் சுற்றினால் மற்றவர்கள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நன்கொடையும் தர மாட்டார்கள், பொதுக்குழுவுக்கும் வர மாட்டார்கள். எங்களுக்கு அப்படி நடந்தது. தெரிந்தவர் தெரிந்தவரைக் கூப்பிட்டால் அப்படித்தான் ஆகும். இப்போது ஆள் பார்க்கும்போது பட்டியலை விரித்து வைத்து வெளிப்படையாகவே பேசுகிறோம்: பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் இல்லையே, ஏன்? கட்சிப் பொறுப்பில் இருப்பவர் உறுப்பினராக இருக்கலாம், செயலாளராகவோ பொருளாளராகவோ வேண்டாம் என்பது எழுதாத விதி. இதில் இரண்டு பேருக்கு என்மேல் இன்னும் கோபம் உண்டு.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆர்வமாக வருவார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே. ஞாயிறு காலைக் கூட்டத்தில் இருவரையும் இணையத்தில் சேர்த்துக்கொள்ளலாம். உதவித்தொகை கேட்கும் பிள்ளைகளிடம் வீடியோவில் பேசுவது, படிப்பு பற்றி வழிகாட்டுவது இவற்றை அவர்கள் பிரமாதமாகச் செய்கிறார்கள். கையெழுத்துப் போடும் பொறுப்பை மட்டும் கொடுக்காதீர்கள். ஓசூரிலிருந்தே கையெழுத்து வரவில்லை.

ஆள் கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தது எங்கள் அடுத்த தப்பு. புதியவரை வாட்ஸாப் குழுவில் சேர்த்து, எல்லாரும் கும்பிடு படமும் பூங்கொத்துப் படமும் போட்டு முடித்துவிடுவோம். அவர் கையில் எதுவும் இருக்காது. அப்படிச் சேர்த்த ஒரு தம்பி, துடிப்பானவர், தன் செட்டு நண்பர்களின் வெளிநாட்டுக் குழுவில் நம் சங்கத்தின் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு உதவி கேட்டுவிட்டார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒருவர் உடனே அனுப்புகிறேன் என்றார். நல்ல வேளையாக ரசீதில் என்ன பெயர் போடுவது என்று கேட்டு எனக்குப் போன் வந்தது. ஆடிட்டரிடம் கேட்டால் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கென உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பணம் வருவதற்குள் தடுத்துவிட்டோம். தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது தேர்தல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒப்படைப்பு நாள். பள்ளியில் எங்களுக்கென்று ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பழையவர்களும் புதியவர்களும் சுற்றி உட்கார்ந்து அதைத் திறப்போம். பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், தீர்மானப் புத்தகம், பான் அட்டை, பாஸ்புக், ரப்பர் ஸ்டாம்பு, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்கள். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, எண்ணி, புதியவர் கையெழுத்து வாங்குவோம். ரசீதுப் புத்தகம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று எழுதிக்கொள்வது அவசியம். நாங்கள் அப்படி எழுதத் தொடங்கிய வருடத்தில்தான் பழைய புத்தகம் ஒன்று காணாமல் போயிருப்பதே தெரிந்தது. பிறகு ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது, ஒரு தாளும் கிழிபடாமல்.

பெட்டிக்குள் இப்போது ஒரு பட்டன் போனும் இருக்கிறது. முன்பு வங்கியின் ஓடிபி பழைய பொருளாளரின் சொந்த எண்ணுக்குப் போகும். அவர் பேரன் கேம் விளையாடும்போது ஓடிபி வந்து, தாத்தாவிடம் சொல்லி, தாத்தா எனக்குச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடும். சங்கத்துக்கென்று தனி சிம் வாங்கினோம். அதற்கு ரீசார்ஜ் செய்வது யார் பொறுப்பு என்பதையும் எழுதி வையுங்கள். முதல் சிம்மை அப்படித்தான் பறிகொடுத்தோம்.

அன்றைக்கே இன்னும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். சங்கத்துக்கும் நன்கொடை கொடுப்பவருக்கும் வருமான வரிச் சலுகை தரும் 12ஏ, 80ஜி பதிவுகளைக் காலம் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது முடியும் தேதி பெட்டியின் மூடியில் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது, அதனால் அதற்கு மேல் என்றால் வங்கி வழியாகக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, பள்ளி மேலாண்மைக் குழு வேறு, நாம் வேறு. இதைச் சொல்லாவிட்டால் புதியவர் போய் வகுப்பறைக்குச் சுண்ணாம்பு அடிப்பதில் தொடங்கித் தலைமையாசிரியருக்குத் தலைவலி கொடுத்துவிட்டு வருவார். அப்புறம் தலைமையாசிரியரிடம் நேரில் அறிமுகம். அவர் மாற்றலாகிப் போனால் மறுபடி அறிமுகம். இரவுக் காவலரிடமும் அறிமுகம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறப்பவர் அவர்தான்.

படிவம் 7க்கான வேலையை அன்றைக்கே தொடங்கிவிடுவோம். வந்தவர்கள் எல்லாரும் கலைந்து போவதற்குள் கையெழுத்தையும் ஆதார் நகலையும் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. புது ஆள் கையெழுத்து வங்கியில் ஏறும் வரை பழைய பொருளாளர் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கிறோம்.

இவ்வளவு செய்தும் ஒரு வருடம் ஒன்று புரியாமல் இருந்தது. புதிதாக வந்த இரண்டு இளைஞர்கள் மூன்று கூட்டமாக வாயே திறக்கவில்லை. வெளியில் டீக்கடையில் நிறையப் பேசுகிறார்கள், உள்ளே வந்தால் மௌனம். ஒரு நாள் வண்டியில் போகும்போது கேட்டேன். "அண்ணே, சார் பேசினப்புறம் நாங்க எப்படிண்ணே பேசுறது?" குழுவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். எங்கள் பள்ளியிலேயே படித்து, அங்கேயே பாடம் நடத்தியவர். அந்த இருவரும் அவரிடம் அடி வாங்கியவர்கள். அவர் "இது சரிப்படாது" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு அது இன்னமும் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுதான். போதாக்குறைக்கு, நாங்கள் 94 செட்டுக்காரர்கள் மூன்று பேர் வாடா போடா என்று பழைய கதைகளில் சிரித்துக்கொண்டிருப்போம். மற்றவர்களுக்கு அதில் இடமே இல்லை.

வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன், கொஞ்சம் பயந்துகொண்டுதான். கோபித்துக்கொள்ளவில்லை. "இனிமே நான் கடைசியில பேசறேன்டா" என்றார். அப்படியே செய்கிறார். சேர்ந்த வரிசையில் கடைசியாக வந்தவர் முதலில் பேசுவது என்று ஆக்கிவிட்டோம். அந்த இருவரில் ஒருவர்தான், மேடைச் சால்வைகளுக்கு ஆகும் பணத்தில் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம் என்றார். சால்வை வாங்குவதை நிறுத்தினோம். வாத்தியார் கடைசியில் பேசியபோது, "இதை நான் இருபது வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

புதியவருக்கு முதல் மாதத்திலேயே ஒரு சின்ன வேலையை முழுசாகக் கொடுப்பதும் பலன் தருகிறது. குடியரசு தினத்துக்கு மிட்டாய் வாங்குவது மாதிரி. எத்தனை பிள்ளைகள், எந்தக் கடை, எவ்வளவு என்று எல்லாமே அவர் முடிவு. நாங்கள் வாயைத் திறப்பதில்லை. ஒரு வருடம் மிட்டாய் பற்றாமல் போய், ஆறாம் வகுப்புக்குப் பிஸ்கட் வாங்கி ஓட வேண்டியிருந்தது. ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

விலக நினைப்பவரை விடுவதற்கும் பழக வேண்டும். தொடர்ந்து மூன்று கூட்டம் வராவிட்டால் நீக்கலாம் என்று துணைவிதியில் இருக்கிறது; அதைப் பயன்படுத்தி ஒருவரையும் நீக்கியதில்லை. இரண்டாவது கூட்டத்துக்கு வராதபோதே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, "சிரமமா இருந்தா சொல்லுங்க, வருத்தப்பட மாட்டோம்" என்று கேட்கிறோம். அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று ஒருவர் அழுதார். நாங்கள் அவரைச் சோம்பேறி என்று பேசிக்கொண்டிருந்த வாரம் அது.

வரும் பொங்கலோடு எனக்கு இரண்டாவது தவணை முடிகிறது. பொருளாளர் தனக்கு அடுத்த ஆளைத் தயார் செய்துவிட்டார். போன விழாவுக்கு மாலை வாங்க யாரை அனுப்பலாம் என்று அவரே தேர்ந்தெடுத்தார். செயலாளர் பொறுப்புக்குத்தான் ஆள் அமையவில்லை. நான்கு பேரைக் கேட்டேன், நாலு பேரும் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நேற்று இரவு கடையில் உட்கார்ந்து அந்தத் தாளை நானே ஒருமுறை படித்தேன். மாதம் 22 மணி நேரம் என்று எழுதியிருக்கிறேன். கடைப் பையனிடம் காட்டினால், "இதுக்குச் சம்பளம் எவ்வளவுண்ணே?" என்கிறான். இரண்டு தாளாகப் பிரித்து அச்சடித்துவிட்டேன்: ஒன்று கூட்டமும் கடிதமும், மற்றது விழாவும் உதவித்தொகையும். முதல் தாளை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை ஒருவர் வீட்டுக்குப் போகிறேன்.